ரெண்டு காதுகுத்துக்கு ஒரு தாய்மாமன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஊரார் வீட்டுக் குழந்தைக்குக் காது குத்திவிட்டவன் நான். ஊசி பிடித்தது ஆசாரிதான், ஆனால் குழந்தை உட்கார்ந்திருந்தது என் மடியில். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் இது சாதாரணக் குற்றம் இல்லை. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள். மடி கொடுத்தவன் மாமன். அந்தப் பெண் சமைந்தால் அவன் சீர் கொண்டுபோக வேண்டும், கல்யாணத்தில் அவன்தான் மாலை எடுத்துக் கொடுக்க வேண்டும், சண்டை வந்தால் அவனைத்தான் கூப்பிட்டு விடுவார்கள். 'தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன்' என்று வேட்டியைத் தட்டிவிட்டு எழுந்து வந்துவிட முடியாது. (நான் எழுந்து வரத்தான் பார்த்தேன். நடக்கவில்லை.)

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு மூன்று நான்கு வருஷம் முந்திய சங்கதி. எனக்கு அப்போது இருபது வயது. குமுளிக்கு மேலே மலையில் ஓர் ஏலத் தோட்டத்து ஆபீசில் உதவி ரைட்டர். பேர்தான் ரைட்டர், எழுதுகிற வேலை எதையும் என்னிடம் தரமாட்டார்கள். மூட்டைகளின் மேல் தோட்டத்து முத்திரையை மையில் தோய்த்துக் குத்துவேன். மாலையில் கையைக் கழுவுவேன். அவ்வளவுதான் உத்தியோகம். ஊருக்குள் மட்டும் 'தோட்டமே என் கையில்தான் ஓடுகிறது' என்கிற மாதிரி ஒரு நடை வைத்திருந்தேன்.

அந்த நடையை நம்பாத ஒரே ஆள் என் மச்சான், அக்காவின் புருஷன். சின்னமனூரில் வாழைத்தோப்பு வைத்திருந்தார். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் சபையில் வைத்துக் கேட்பார்.

"மலையில அப்படி என்ன மாப்ளே வேல? அட்டைக்கு ரத்தங் குடுக்கிற வேலையா?"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். காலில் அட்டை கடித்த தழும்பு இருக்கும்போது வேறு என்ன செய்வது?

எனக்கு அப்பா அம்மா இல்லை. அங்கம்மாள் அக்காதான் வளர்த்து ஆளாக்கினாள். அக்காவுக்கும் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள நான் ஒருத்தன்தான். அவளிடமிருந்து கடிதம் வந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் சொல்லி எழுதவைத்திருந்தாள். ஆனாலும் அவள் குரல் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு கேட்டது. வருகிற வெள்ளிக்கிழமை ஆற்றங்கரை அம்மன் கோயிலில் மீனாட்சிக்கு மொட்டையும் காதுகுத்தும். பத்தரை மணிக்கு ராகுகாலம், அதற்குள் குத்தியாக வேண்டும். 'நீ வராவிட்டால் வேறு யார் மடியிலாவது வைத்துக் குத்திவிடுவேன் என்கிறார் உன் மச்சான். அப்படி மட்டும் நடந்தால், எனக்குத் தம்பியும் இல்லை, பிறந்த வீடும் இல்லை.'

மீனாட்சியை நான் பார்த்தது அவள் பிறந்த பத்தாம் நாள். இப்போது ஒன்றரை வயது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீருக்கு எல்லாம் வாங்கினேன். பித்தளைத் தாம்பாளம், பட்டுப்பாவாடை, தேங்காய், பழம், வெல்லம், எல்லாவற்றுக்கும் மேலாகச் சிவப்புக்கல் பதித்த குட்டிக் கம்மல் ஒரு ஜோடி. எல்லாம் சரியாக இருந்தது. என் மூஞ்சிதான் சரியாக இல்லை. கண்ணாடியில் பார்த்தால் முத்திரை குத்துகிறவன் மாதிரியேதான் இருந்தேன். மச்சான் வாயை அடைக்க என்ன வழி என்று யோசித்தபோது, எங்கள் பெரிய ரைட்டரின் மூக்குக்கண்ணாடி கண்ணில் பட்டது. தங்க நிறத்தில் மெல்லிய கம்பி போட்ட வட்டக் கண்ணாடி. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் கண்ணாடி போட்டவர் என்றால் ஒன்று டாக்டர், இல்லாவிட்டால் வக்கீல். பெரிய ரைட்டர் ஐம்பது வயது மலையாளி, நல்ல மனுஷர். அவரிடம் பழைய ஜோடி ஒன்று இருந்தது. கேட்டேன். "சூக்ஷிக்கணும் கேட்டோ" என்று சொல்லிக் கொடுத்தார். கவனமாக வைத்துக்கொள் என்று கண்ணாடியைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். என்னையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

வியாழக்கிழமையே மலை இறங்கி, கம்பத்தில் தங்கி, விடிந்ததும் பஸ்ஸில் ஏறினேன். ஏறுமுன் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். ஆத்தாடி, அந்தக் கண்ணாடி வழியாக உலகத்தைப் பார்க்க வேண்டுமே. கிணற்றுக்குள் முங்கிக் கண்ணைத் திறந்த மாதிரி இருந்தது. பஸ் படி எனக்கு எங்கேயோ பாதாளத்தில் தெரிந்தது, காலை வைத்தால் முழங்கால் உயரத்தில் இடித்தது. ஆனால் கண்டக்டர் எழுந்து, "வாங்க சார், முன்னால உக்காருங்க" என்றார். பிறந்ததிலிருந்து என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன், உயிரே போனாலும் கண்ணாடியைக் கழற்றுவதில்லை என்று.

உத்தமபாளையம் தாண்டியதும் டயர் போய்விட்டது. எல்லாரையும் இறக்கிவிட்டு டயரை மாற்றி ஏற்றுவதற்குள் வெயில் ஏறிவிட்டது. கோயில் பக்கம் நான் இறங்கும்போது மணி பத்து ஆகியிருந்தது.

இறங்கிய இடத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். சிவப்புச் சுங்குடிச் சேலை. என் கண்ணாடிக்கு அது ஒரு சிவப்புக் கலங்கலாகத்தான் தெரிந்தது. பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு ஆம்பிளையின் முகத்தையும் கிட்டே வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தையும் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். யாரோ, யாரையோ தேடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, தாம்பாளத்தைத் தலையில் தூக்காமல் (உத்தியோகஸ்தன் இல்லையா) இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஆற்றை நோக்கி ஓடினேன்.

ஆற்றங்கரை மருத மரங்களுக்கு அடியில் ஊர்ப்பட்ட கூட்டம். சித்திரை மாசம். ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு குடும்பம், ஒரு பொங்கப்பானை, ஒரு கிடாய், ஒரு மொட்டைக் குழந்தை. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிவிட்டால் எல்லாக் குழந்தையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கண்ணாடி இல்லாமல் பார்த்தாலே அப்படி. நான் பார்த்தது கிணற்றுக்குள்ளிருந்து. எனக்கு எல்லாம் மஞ்சள் உருண்டைகளாகத் தெரிந்தது.

எதிரே வந்த ஒருத்தரைப் பிடித்தேன். "ஐயா, இங்கன காதுகுத்து எங்க நடக்குது? நான் தாய்மாமன். மலையில இருந்து வர்றேன்."

ஊர்ப் பேரைச் சொல்லிக் கேட்டிருக்கலாம். அக்கா பேரை, மச்சான் பேரைச் சொல்லிக் கேட்டிருக்கலாம். வாழைத்தோப்புக்காரர் என்றாவது கேட்டிருக்கலாம். எங்கள் பள்ளத்தாக்கில் பாதி வீட்டு ஆம்பிளைகள் மலையில்தான் இருந்தார்கள் என்பது தெரிந்தும், என்னவோ உலகத்திலேயே மலையில் இருக்கும் ஒரே தாய்மாமன் நான்தான் என்பதுபோலக் கேட்டேன்.

அந்த மனுஷர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திரும்பி ஒரு குரல் கொடுத்தார். "ஏப்பா, மலையில இருந்து தாய்மாமன் வந்துட்டாக. கண்ணாடியெல்லாம் போட்டுச் சீமான் மாதிரி வந்திருக்காக."

அவ்வளவுதான். நாலு பேர் வந்து தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார்கள். இரண்டு பேர் என் கையைப் பிடித்து அழைத்துப்போனார்கள். பெரிய மீசை வைத்த ஒரு கிழவர் எழுந்து நின்று, "வாங்க மாப்ளே, வாங்க" என்று கழுத்தில் மாலையைப் போட்டார். யாரோ கால் கழுவத் தண்ணீர் ஊற்றினார்கள். மச்சான் குடும்பத்தில் எனக்கு இப்படி ஒரு மரியாதை என்றைக்கும் கிடைத்ததில்லை. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எல்லாம் கண்ணாடி செய்கிற வேலை என்று மனசுக்குள் பெரிய ரைட்டரைக் கும்பிட்டுக்கொண்டேன். மீசைக்காரர் யார் என்று தெரியவில்லைதான். மச்சானுக்கு ஊர் ஊராகப் பெரியப்பா உண்டு, அதில் ஒருத்தர் என்று விட்டுவிட்டேன்.

"நேரமாச்சு, உக்காருங்க மாப்ளே" என்றார் மீசைக்காரர். "இன்னுஞ் செத்த நேரம் போயிருந்தா வேற ஆள உக்காரவச்சிருப்பேன். எங்க மருமக அழுது தீத்திருக்கும்."

பக்கத்தில் ஒரு பெண் குரல் நொடித்தது. "எங்கண்ணன் வருவாரு, எங்கண்ணன் வருவாருன்னு மூணு மாசமா வீட்டையே ரெண்டாக்கிட்டா. நாங்கூட இவளுக்கு அண்ணனே கெடையாதுன்னுல நெனச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. என் அக்காவையா இப்படிப் பேசுகிறார்கள்? அண்ணன் என்கிறாளே, நான் தம்பியல்லவா என்று ஒரு கணம் இடறியது. கண்ணாடி போட்டதில் மூத்தவனாகத் தெரிகிறேன்போலும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். (மனுஷன் முட்டாளாவது என்று முடிவு செய்துவிட்டால் அதற்குக் காரணம் தானாக வந்து வரிசையில் நிற்கிறது.) பிள்ளையின் தாய் எங்கே என்று கேட்டேன். "இங்கனதான் எங்கயாச்சும் நிக்கும், வந்துரும்" என்றார்கள். பட்டுப்பாவாடையை எடுத்துக் குழந்தைக்குக் கட்டினார்கள். மஞ்சள் உருண்டையைத் தூக்கி என் மடியில் வைத்தார்கள்.

ஆசாரி வந்தார். என் தாம்பாளத்திலிருந்த சிவப்புக்கல் கம்மலை எடுத்துச் சந்தனத்தில் தொட்டார். இடது காதில் ஒரு குத்து. குழந்தை ஒரு கணம் மூச்சை உள்ளே இழுத்தது. பிறகு வீறிட்டது பாருங்கள், ஆற்றுக்கு அக்கரையில் மேய்ந்த மாடு தலையைத் தூக்கிப் பார்த்திருக்கும். நான் வெல்லத்தை வாயில் திணிக்கப் பார்த்தேன். கண்ணாடி உபயத்தில் அது மூக்கில் போய் அப்பியது. வலது காதில் அடுத்த குத்து விழுந்தபோது குழந்தை இரண்டு கையாலும் என் முகத்தைப் பிறாண்டி, கண்ணாடியைப் பிடுங்கி விசிறி எறிந்தது.

உலகம் பளிச்சென்று தெரிந்தது.

சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் இப்போது மூக்கும் முழியும் இருந்தது. அதில் ஒரு மூக்கைக்கூட நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அக்கா இல்லை. மச்சான் இல்லை. சின்னமனூர்க்காரர் ஒருத்தர்கூட இல்லை. மடியில் உட்கார்ந்து, மூக்கில் வெல்லத்தோடு என்னை முறைத்த குழந்தைக்கு எங்கள் வீட்டுச் சாடையே இல்லை. எங்கள் வம்சத்துக்குப் பெரிய காது. இதற்குக் கொழுக்கட்டைச் சொப்பு மாதிரி அழகான காது. அதில் என் கம்மல் மின்னியது.

எழுந்து ஓடலாம் என்றால் மடியில் பிள்ளை இருந்தது. மீசைக்காரரின் மணிக்கட்டைப் பார்த்தேன். என் தொடை அளவுக்கு இருந்தது.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிவப்புச் சுங்குடிச் சேலைக்காரி வந்தாள். பஸ் நின்ற இடத்தில் முகம் முகமாகத் தேடியவள். குழந்தை அவளைப் பார்த்ததும் கையை நீட்டி அழுதது. தாய் இவள் என்று புரிந்தது. அவள் யாரைத் தேடினாள் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

"ஏத்தா வேலுத்தாயி" என்றார் மீசைக்காரர், அவளுடைய மாமனார். "ஒங்கண்ணன் வந்துட்டாரு, பாரு. நீ ரோட்டுல நின்னுக்கிட்டிருக்க, அவரு குறுக்கால வந்து உக்காந்து காதே குத்தியாச்சு. கல்யாணத்துக்கும் அவரு வரல, நம்ம வீட்டுல யாரும் அவரப் பாத்ததில்லையா, மொகம் தெரியல. இருந்தாலும் சும்மா சொல்லக் கூடாது, சீரு பலம்."

வேலுத்தாயி என்னைப் பார்த்தாள். பத்து நிமிஷம் முன்னால் பார்த்து, இவன் இல்லை என்று விட்டுவிட்டுப் போன அதே முகம். அடையாளம் தெரியாமல் இருக்குமா? நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப்போனேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் குழந்தையின் காதைப் பார்த்தாள். மாமனாரைப் பார்த்தாள். நொடித்துக்கொண்டு நின்ற நாத்தனாரைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"வாண்ணே" என்றாள். "இம்புட்டு வருசங்கழிச்சு இப்பத்தான் ஒனக்கு வழி தெரிஞ்சுதா?"

குழந்தையை வாங்குகிற சாக்கில் கிட்டே குனிந்தாள். நான் கிசுகிசுத்தேன். "தாயி, நான் ஒங்க அண்ணன் இல்ல. தெரியாம உக்காந்துட்டேன். எங்க அக்கா மகளுக்கு இங்கன காதுகுத்து, பத்தரைக்குள்ள போகணும்."

"தெரியும்ணே" என்று அவளும் கிசுகிசுத்தாள். "இவுக முன்னால மட்டும் சொல்லிராதீக. ஒங்க கால்ல விழுறேன்."

சொல்வதா? அந்த மீசைக்காரரிடம் சொல்லிவிட்டு உயிரை விடுவதாக எனக்கும் உத்தேசம் இல்லை. ஆனால் என் பயத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபின் எனக்கு மனசு கேட்கவில்லை. என் அக்காவும் இந்த நேரத்தில் ஏதோ ஒரு மரத்தடியில் இப்படித்தான் நின்றுகொண்டிருப்பாள்.

நின்றுகொண்டிருக்கவில்லை. வந்தேவிட்டாள்.

"ஏலே சுப்பையா."

அங்கம்மாள் அக்கா ரகசியம் பேசினாலே கம்பத்தில் கேட்கும். அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து நின்றாள். மலையிலிருந்து வந்த மாமன் இங்கே இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாலையும் கழுத்துமாக, ஊரார் பிள்ளைக்கு மூக்கில் வெல்லம் ஊட்டிக்கொண்டிருக்கும் தம்பியை அவள் பார்த்தாள். குழந்தையின் காதில் இருந்த கம்மலைப் பார்த்தாள். இடுப்பில் இருந்த பட்டுப்பாவாடையைப் பார்த்தாள்.

"அங்கன ஒம் மச்சான் குதியாக் குதிக்கிறாரு. வேற ஆள உக்காரவைக்கப் போறேங்கிறாரு. நீ இங்கன யாரு வீட்டுல..."

வேலுத்தாயி பாய்ந்து போய் அக்காவின் கையைப் பிடித்தாள். "வாங்கக்கா" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே மரத்துக்குப் பின்னால் இழுத்துப்போனாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. வேலுத்தாயி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தி அழுவது தெரிந்தது. அக்கா ஒன்றும் பேசாமல் கேட்டாள். அக்கா பேசாமல் இருந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

திரும்பி வந்தவள் நேராக மீசைக்காரரிடம் போனாள். "ஐயா, இவன் எங்களுக்கும் வேணும். எம் மகளுக்கும் இவந்தான் தாய்மாமன் முறை. ராகுகாலம் வர்றதுக்குள்ள செத்த நேரம் விட்டுக்குடுங்க" என்றாள். அத்தனையும் உண்மை. ஒரு வார்த்தை பொய் இல்லை. சாதுரியத்துக்கு அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"ஒரே மாமன், ரெண்டு மடியா?" என்று மீசைக்காரர் புருவத்தைத் தூக்கினார். பிறகு, "போயிட்டு வாங்க மாப்ளே. ஆனா சாப்பாடு இங்கனதான்" என்றார்.

நான் கிளம்பும்போது வேலுத்தாயி பின்னாலேயே வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ என் கையில் வைத்து விரலை மூடினாள். பார்த்தால் பச்சைக்கல் வைத்த குட்டிக் கம்மல் ஒரு ஜோடி.

"இதக் கொண்டுபோயி ஒங்க அக்கா மகளுக்குப் போடுங்கண்ணே. எங்கண்ணன் வெறுங்கையா வந்து நின்னா, ஆரும் பாக்காம அவரு கையில குடுத்துருவோம்னு நானே செஞ்சு வச்சிருந்தேன்."

கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த என் பவிசு எவ்வளவு அற்பம் என்று அப்போது உறைத்தது. நின்று யோசிக்க நேரம் இல்லை. அக்கா என் மாலையைப் பிடித்துக் கிடாயை இழுக்கிற மாதிரி இழுத்துக்கொண்டு ஓடினாள்.

நாலாவது மரத்தடியில் மச்சான் எங்கள் பக்கத்து வெற்றிலைக்கடைக்காரரை மணையில் உட்காரவைத்துக்கொண்டிருந்தார். அக்கா வெற்றிலைக்கடைக்காரரைத் தோளைப் பிடித்து எழுப்பிவிட்டு என்னை அமுக்கி உட்காரவைத்தாள். மீனாட்சியை மடியில் வைத்தார்கள். பெரிய காது. எங்கள் வம்சம்தான், சந்தேகமே இல்லை. இருந்தாலும் இந்தத் தடவை நான் பேரைக் கேட்டுக்கொண்டேன்.

"மாலையெல்லாம் போட்டு வந்திருக்காரு, யாரு போட்டது?" என்று கேட்டார் மச்சான்.

"ஊரே போடுது. ஒங்களுக்குத்தான் கண்ணு தெரியல" என்றாள் அக்கா.

அடுத்த கண்டம் ஆசாரி ரூபத்தில் வந்தது. கோயிலுக்கு அன்று ஒரே ஆசாரிதான். ஊசியைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தவர், என்னைப் பார்த்ததும் கையை நிறுத்திவிட்டார்.

"ஏங்க, இப்பத்தான அங்கன ஒங்க மடியில குத்திட்டு வர்றேன்?"

சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். மச்சான் ஓரடி முன்னால் வந்தார்.

"எனக்கு அக்கா தங்கச்சிக நெறைய" என்றேன்.

ஆசாரி என்ன நினைத்தாரோ, தலையை ஆட்டினார். "அதுவுஞ் சரிதான். பிள்ளைய நல்லாப் புடிங்க. பழகியிருக்கும்ல" என்றார்.

பச்சைக்கல் கம்மல் மீனாட்சியின் காதில் ஏறியது. எங்கோ யாரோ மணி பத்தரை என்றார்கள். எனக்கு உடம்பில் இருந்த காற்றெல்லாம் வெளியே போனது. அழுதது குழந்தையா நானா என்று பக்கத்தில் நின்றவர்களுக்குக் குழப்பமாக இருந்திருக்கும். அக்கா என் தலையில் ஒரு குட்டுக் குட்டிவிட்டு, அதே கையால் தடவியும் கொடுத்தாள். அந்தத் தடவலில் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அன்று இரண்டு மரத்தடியிலும் கிடாய்க்கறி சாப்பிட்டேன். மீசைக்காரர் எழும்பவே விடவில்லை, ஈரலைத் தேடித்தேடி வைத்தார். அடுத்த மூன்று நாள் என் வயிறு பட்ட பாட்டை இங்கே எழுதுவது நாகரிகமில்லை. கண்ணாடி ஆசாரியின் பாய்க்கு அடியில் ஒரு கீறலும் இல்லாமல் கிடைத்தது. பெரிய ரைட்டரிடம் திருப்பிக் கொடுத்தேன். "நல்லா உபயோகப்பட்டதோ?" என்று கேட்டார். ரொம்ப என்றேன்.

கதை அத்தோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். தீபாவளிக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்தபோது, தெருமுனையில் அந்த மீசை வருவதைப் பார்த்தேன். கூடவே ஒல்லியாக ஒரு ஆள். விஷயம் வெளிப்பட்டுவிட்டது என்று புரிந்தது. அக்கா வீட்டில் தானியம் கொட்டிவைக்கிற குலுக்கை ஒன்று ஆள் உயரத்துக்கு உண்டு. இருபது வயசு உதவி ரைட்டர் அதற்குள் ஏறி, கம்மம் குவியல்மேல் உட்கார்ந்து மூடியைப் போட்டுக்கொண்டான்.

உள்ளே இருந்து கேட்டேன். மீசைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். "என்னத்தச் சொல்ல. போன வாரம் ஒருத்தன் பெட்டியும் கையுமா வந்து நின்னு, நாந்தான் தாய்மாமன்ங்கிறான். எத்தன தாய்மாமன்டா ஒரு பிள்ளைக்குன்னு அருவாளத் தூக்கிட்டேன். பெறகு மருமக அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொல்லுச்சு. எங்க அந்தக் கண்ணாடிக்காரரு?"

அக்காவுக்கு என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. "குலுக்கைக்குள்ள இருக்கான்" என்றாள்.

மூடி திறந்தது. மேலே மீசை தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் அந்த ஒல்லி ஆளின் முகம். மலைக்காய்ச்சலில் மாசக்கணக்காகப் படுத்து, காதுகுத்து நாளன்றைக்கு எழுந்து நிற்கக்கூட முடியாமல் கிடந்திருக்கிறார். அவர் குலுக்கைக்குள் எட்டி என்னை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீங்கதான் நானா?" என்று கேட்டார்.

"மன்னிச்சிருங்க" என்றேன், தலையெல்லாம் கம்பு மணியோடு.

"மன்னிப்பாவது ஒண்ணாவது" என்றார் மீசைக்காரர். "எறங்குங்க மாப்ளே. பேத்திக்கு வர்ற தையில ரெண்டாவது மொட்டப் பிரார்த்தன இருக்கு, பாக்கு வச்சு அழைக்க வந்தேன். மடி குடுத்தது நீங்க. இனி நீங்க நெனச்சாலும் ஓட முடியாது."

மச்சான் அன்றைக்குத்தான் முழுக்கதையும் கேட்டார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அட்டைக் கேள்வியை அவர் கேட்டதே இல்லை. அதைவிட நல்ல கேள்வி கிடைத்துவிட்டது. எந்த விசேஷ வீட்டுக்குள் நான் நுழைந்தாலும், "மாப்ளே, நம்ம வீடுதானா, வெளிய போயி ஒருக்காப் பாத்துட்டு வந்துரு" என்பார். அக்கா இன்னும் அந்தப் பட்டுப்பாவாடையை விடவில்லை. கம்மலாவது மாற்றிக்கொண்டோம், பாவாடை போனது போனதுதானே என்பாள்.

வேலுத்தாயி மகள் பேச்சியம்மாள் சமைந்தபோது இரண்டு மாமனும் சீர் கொண்டுபோனோம். அவள் கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுத்ததும் இரண்டு பேர்தான். ஒரு மாலையை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு நின்றோம். மீசைக்காரர் அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த வருஷம் கண்ணை மூடினார்.

போன மாசம் பேச்சியம்மாளின் மகளுக்குக் காதுகுத்து. அதே ஆற்றங்கரை. பேச்சியம்மாளுக்குக் கூடப்பிறந்த தம்பி ஒருத்தன் இருக்கிறான், அவன்தான் மாமன். ஆனாலும் முதல் காதுக்கு நான்தான் மடி கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். இப்போது நான் போட்டிருப்பது என் சொந்தக் கண்ணாடி. அது இல்லாமல் எனக்கு ஒன்றும் தெரியாது. மணையில் உட்காருமுன் குழந்தையை நன்றாகப் பார்த்தேன். கூட்டத்தைப் பார்த்தேன். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படியாக, "இது யாரு பிள்ளை?" என்று கேட்டேன்.

மொத்த மரத்தடியும் சிரித்தது. வேலுத்தாயி மட்டும் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கி வந்து என் மடியில் வைத்தாள்.

"ஒங்க பிள்ளைதாண்ணே" என்றாள். "உக்காருங்க."